பிராட்ஃபோர்டு பிள்ளைகளின் மதியச் சாப்பாடு

எங்கள் குடியிருப்பில் இருபத்தெட்டு தமிழ்க் குடும்பங்கள். எல்லோரும் வேலைக்காகப் புனே வந்து, பிள்ளைகளின் படிப்புக்காக இங்கேயே தங்கிவிட்டவர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடுவதற்காகத் தொடங்கிய வாட்ஸப் குழுவில் மற்ற நாட்களில் காலை வணக்கப் படங்கள், காய்கறிக்காரர் வந்துவிட்டாரா என்ற விசாரிப்பு, பிறகு எங்கிருந்தோ வந்து விழும் ஃபார்வேர்டுகள். சென்ற மாதம் அப்படி ஒரு கடிதம் வந்தது.

கனடாவில் டோர்வால் என்று ஓர் ஊராம். பள்ளி கேண்டீனில் பன்றி இறைச்சியை நிறுத்தச் சொல்லி முஸ்லிம் பெற்றோர்கள் கேட்டார்களாம். மேயர் மறுத்துவிட்டு, 'எங்கள் நாட்டுக்கு வந்தால் எங்கள் பழக்கத்துக்கு மாறுங்கள்' என்று நீளமாகப் பாடம் எடுத்தாராம். நல்ல தமிழில் யாரோ உட்கார்ந்து மெனக்கெட்டு மொழிபெயர்த்திருந்தார்கள். கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். குழுவில் மேலப்பாளையத்து நண்பர் ஒருவரும் இருக்கிறார். இங்கே வந்த புதிதில் எனக்கு எரிவாயு இணைப்பு வாங்கித் தந்த மனிதர். அவரும் அதைப் பார்த்திருப்பார். பதில் எதுவும் வரவில்லை. அடுத்த நாள் லிஃப்டில் பார்த்தபோது மழையைப் பற்றிப் பேசினோம். அதுதான் எனக்கு உறுத்தியது. அன்றிரவே இதைத் தேட உட்கார்ந்தேன்.

டோர்வால் உண்மையான ஊர்தான். மாண்ட்ரியாலை ஒட்டி, விமான நிலையம் இருக்கும் ஊர். கடிதம்தான் பொய். அந்த மாகாணத்தில் பள்ளிக்கூடங்களை நடத்துவது நகராட்சி அல்ல. கேண்டீனில் என்ன சமைப்பது என்று சொல்லும் அதிகாரமே மேயருக்குக் கிடையாது. டோர்வால் நகராட்சி இதை மறுத்து அறிக்கையும் வெளியிட்டது. ஆனாலும் அந்தக் கடிதம் வருஷக்கணக்காகப் பல மொழிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பதிப்பில் ஊர் பெல்ஜியத்தில் இருக்கும், இன்னொன்றில் ஆஸ்திரேலியாவில். மேயர் மட்டும் மாறாமல் அதே வசனத்தைப் பேசுவார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பள்ளிச் சாப்பாட்டில் ஹலால் கேட்டு உண்மையிலேயே ஒரு நகரமே இரண்டாகப் பிரிந்த கதை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமான கதை. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரில் பிராட்ஃபோர்டு. கம்பளி நூற்பாலைகளின் நகரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆலைகளில் ஆள் பஞ்சம். முக்கியமாக இரவு ஷிஃப்டுக்கு வெள்ளைக்காரத் தொழிலாளிகள் வர மறுத்தார்கள். அந்த இடத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பாகிஸ்தான் வசமிருக்கும் காஷ்மீரின் மீர்பூர் மாவட்டத்துக்காரர்கள். 1960களில் ஜீலம் நதியின் குறுக்கே மங்களா அணை கட்டியபோது மீர்பூர் பகுதியில் லட்சம் பேருக்கு மேல் ஊரை இழந்தார்கள். ஏற்கனவே இங்கிலாந்து போயிருந்த மாமன் மச்சான் வழியாக அவர்களில் பலர் பிராட்ஃபோர்டு போய்ச் சேர்ந்தார்கள். முதலில் ஆண்கள் மட்டும், ஒரே வீட்டில் பத்துப் பேராக. பிறகு மனைவி, மக்கள். பிள்ளைகள் வந்தால் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்றால் மதியச் சாப்பாடு.

நம் ஊர்ப் பள்ளி மதிய உணவின் கதை எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். 1944ஆம் வருடக் கல்விச் சட்டம் பள்ளிகளில் சாப்பாடும் பாலும் தருவதை உள்ளாட்சிக் கல்வித் துறைகளின் கடமையாக்கியது. 1980இல் தாட்சர் அரசு அந்தக் கடமையைத் தளர்த்தியது. ஆனால் அரசு உதவி பெறும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இலவசச் சாப்பாடு கட்டாயம் தொடர்ந்தது.

அதே வருடங்களில்தான் பிராட்ஃபோர்டின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. இரவு ஷிஃப்டுக்கு வந்தவர்கள்தான் முதலில் வேலை இழந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் இலவசச் சாப்பாட்டுக்கு உரியவர்கள் ஆனார்கள். ஆனால் தட்டில் வந்து விழும் கறியை அவர்களால் தொட முடியாது. உருளைக்கிழங்கு, வேகவைத்த காய், கஸ்டர்டு என்று ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டு எழுந்தார்கள். கோரிக்கை பிறந்தது இந்த இடத்தில்தான். பின்னால் வந்த பல பத்திரிகைக் கட்டுரைகளில் 'மதத் தலைவர்களின் நெருக்குதல்' மட்டும்தான் இருக்கும். ஆலை மூடிய கதை இருக்காது. மதியம் இரண்டு மணிக்குப் பசியோடு கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இருக்காது.

1981இல் நகரத்து மசூதிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கின. தேவ்பந்தி, பரேல்வி என்று ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதவர்கள்கூட மாநகராட்சியோடு பேசுவதற்காக ஒரே மேசைக்கு வந்தார்கள். 1982 நவம்பரில் மாநகராட்சி தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பெண் பிள்ளைகள் பாவாடைக்குப் பதில் கால்சட்டை போடலாம், தொழுகைக்கு இடம் தரலாம் என்ற மாதிரி விஷயங்கள். 1983 செப்டம்பரில் சில பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டும் ஹலால் கறி பரிமாறத் தொடங்கினார்கள். மற்ற பிள்ளைகளின் தட்டில் எந்த மாற்றமும் இல்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'நம் பிள்ளைகளுக்கு ஹலால் திணிக்கிறார்கள்' என்று தலைப்பு வரும்போதெல்லாம் நாம் முதலில் கேட்க வேண்டியது, யாருடைய தட்டு மாறியது என்பதைத்தான்.

எதிர்ப்பு வந்தது. முதலில் வந்தவர்கள் விலங்கு நல அமைப்புக்காரர்கள். அவர்கள் சொன்னது பொய்யல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் 1933ஆம் வருடச் சட்டப்படி, அறுப்பதற்கு முன் விலங்கை மயக்கமூட்ட வேண்டியிருந்தது. யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருந்தது. மயக்கமூட்டாமல் அறுத்தால் விலங்கு எவ்வளவு நேரம் வலியை உணர்கிறது என்பது நியாயமான கேள்வி. அரசுக்கு ஆலோசனை சொல்லும் பண்ணை விலங்கு நலக் குழுவே 1985இல், இந்த விலக்கைப் படிப்படியாக எடுத்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. ஆகவே பிராட்ஃபோர்டில் தெருவில் நின்று எதிர்த்தவர்களை எல்லாம் இனவெறியர்கள் என்று ஒரே கோணிக்குள் போட்டுக் கட்டுவது, ஹலால் கேட்டவர்களை எல்லாம் மதவெறியர்கள் என்பதைப் போன்றதுதான்.

ஆனால் அதே நடைபாதையில் வேறு சிலரும் வந்து நின்றார்கள். ஆடு மாடுகளைப் பற்றி அதற்கு முன் ஒரு நாளும் கவலைப்படாதவர்கள். 'குடியேறிகளை வெளியே அனுப்பு' என்பதைப் பல வருடமாகச் சொல்லிவந்த நேஷனல் ஃபிரண்ட் ஆட்களுக்கு, கறிக்கடை வழியாகச் சொல்ல ஒரு புதிய வசதி கிடைத்தது.

ஐரோப்பாவில் இந்தக் கலவைக்குப் பழைய வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தில் மக்களே கையெழுத்துச் சேகரித்துச் சட்டத் திருத்தம் கொண்டுவரும் முறை தொடங்கியபின், அப்படி வாக்கெடுப்புக்கு வந்த முதல் விஷயம் என்ன தெரியுமா? 1893 ஆகஸ்டில், மயக்கமூட்டாமல் அறுப்பதைத் தடை செய்யலாமா என்பதுதான். சுமார் 60 விழுக்காடு பேர் தடைக்கு வாக்களித்தார்கள். அன்று அங்கே அதனால் பாதிக்கப்பட்டவர்கள் யூதர்கள். விலங்குமேல் உண்மையான கருணை உள்ளவர்களும் யூதர்களைப் பிடிக்காதவர்களும் ஒரே பெட்டியில் வாக்குப் போட்டார்கள். நாஜிகள் ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே, 1933 ஏப்ரலில், இதே தடையை ஜெர்மனி முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். இதற்காக விலங்கு நலம் பேசுகிறவர்களை நாஜி என்று சொல்லக் கூடாது. ஆனால் ஒரு செய்தியாளர் அந்த நடைபாதையில் மைக்கை நீட்டும்போது, எதிரே நிற்பவர் இந்த இரண்டில் யார் என்று தெரிந்துகொள்ள இரண்டு கேள்வியாவது கூடக் கேட்க வேண்டும். 'மற்ற இறைச்சிக்கூடங்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?' என்ற ஒரே கேள்வி போதும், பாதிப் பேர் தெரிந்துவிடுவார்கள்.

எதிர்ப்பு பெருகியதால் மாநகராட்சி மன்றம் இதை மறுபடி விவாதிப்பது என்று முடிவானது. 1984 மார்ச் 6 வாக்கெடுப்பு. மசூதிகளின் கூட்டமைப்பு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொண்டது. சுமார் பத்தாயிரம் பிள்ளைகள் அன்று பள்ளிக்குப் போகவில்லை. வாழ்க்கையில் ஒரு ஊர்வலத்திலும் கலந்துகொள்ளாத ஆலைத் தொழிலாளிகள் நகர மண்டபத்துக்கு வெளியே வந்து நின்றார்கள். உள்ளே விவாதம். முடிவில் ஹலால் தொடர 59 வாக்கு, எதிராக 15. கட்சி எல்லை தாண்டி விழுந்த வாக்குகள்.

எனக்கு இந்த 59க்கு 15 பிடித்திருக்கிறது. சண்டை போட்டார்கள், கத்தினார்கள், வாக்குப் போட்டார்கள், அடுத்த நாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஜனநாயகம் வேலை செய்த நாள் என்று அதைப் பற்றி எழுதியிருக்கலாம். மீர்பூர் பகுதியில் பிறந்து, 1979 முதல் அந்த மன்றத்தில் உறுப்பினராக இருந்த முகமது அஜீப் அடுத்த வருடமே, 1985இல், பிராட்ஃபோர்டின் லார்டு மேயர் ஆனார். பிரிட்டனிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவர்தான்.

ஆனால் நாட்டின் பெரிய பத்திரிகைகளுக்கு அதைவிடச் சுவையான தீனி அதே நேரத்தில் கிடைத்தது. அதே நகரத்தில் டிரம்மண்ட் நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் ரே ஹனிஃபோர்டு, 1984 தொடக்கத்தில் சாலிஸ்பரி ரிவியூ என்ற வலதுசாரிப் பத்திரிகையில் பன்மைக் கலாசாரக் கல்வியைத் தாக்கி எழுதினார். அவருடைய பள்ளியின் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகள். பெற்றோர் கொதித்துப் போராடினார்கள். இடைநீக்கம், நீதிமன்றம், மறுபடி வேலை, கடைசியில் 1985 முடிவில் பணம் வாங்கிக்கொண்டு முன்கூட்டியே ஓய்வு. ஒன்றரை வருடம் தேசியப் பத்திரிகைகளில் தொடர்கதை போல ஓடியது. அந்தத் தொடர்கதையில் ஹலால் சாப்பாடும் ஹனிஃபோர்டும் ஒரே குழம்பில் போட்டுக் கிண்டப்பட்டன. 1989 ஜனவரியில் அதே நகரத்தில் சல்மான் ருஷ்டியின் நாவலை எரித்தபோது கதை முழுமை பெற்றது. அன்றைக்குக் கறி கேட்டார்கள், இன்றைக்குப் புத்தகத்தை எரிக்கிறார்கள் என்று ஒரு நேர்க்கோடு போட்டார்கள். புத்தகம் எரித்ததை நான் எந்த நாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் மதியச் சாப்பாட்டை அதற்கு முதல் அத்தியாயமாக எழுதியது அக்கிரமம்.

அதற்குப் பிறகான முப்பது வருடத்தில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் இதையே 'ரகசியம்' என்ற புதிய சொல்லோடு எழுதப் பழகின. 2014 மே மாதம் சன் பத்திரிகை முதல் பக்கத்தில், பிட்சா எக்ஸ்பிரஸ் உணவகங்களில் ஹலால் கோழி பரிமாறப்படுகிறது என்பதைப் பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி போட்டது. அந்தத் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருந்தது. கோழிகள் மயக்கமூட்டியே அறுக்கப்பட்டவை. இங்கேதான் நுட்பமான விஷயம் ஒன்று தவறுகிறது. ஹலால் என்றாலே மயக்கமூட்டாதது என்று வாசகர் நினைத்துக்கொள்வார். பிரிட்டனின் உணவுத் தர முகமை 2011இல் எடுத்த கணக்கின்படி, ஹலால் முறையில் அறுக்கப்பட்ட ஆடு, மாடு, கோழி மூன்றிலுமே 80 விழுக்காட்டுக்கு மேல் மயக்கமூட்டப்பட்டவை. விலங்கு திரும்ப எழக்கூடிய அளவுக்கு மட்டும் மயக்கமூட்டினால் போதும் என்று ஏற்கும் மார்க்க அறிஞர்கள் நிறையப் பேர் உண்டு. ஏற்காதவர்களும் உண்டு. இந்த ஒரு வரியைச் சேர்த்தால் முதல் பக்கச் செய்தி எட்டாம் பக்கத்துக்குப் போய்விடும். அதனால்தான் சேர்ப்பதில்லை போலிருக்கிறது.

பிரான்சில் நடந்தது இன்னும் வேடிக்கை. பிராட்ஃபோர்டில் வாக்கெடுப்பு நடந்த அதே 1984இலிருந்து, ஷலோன்-சுர்-சோன் என்ற ஊரின் பள்ளிகளில் பன்றிக்கறி சமைக்கும் நாளில் வேண்டாதவர்களுக்கு வேறு ஒரு கறி கொடுத்துவந்தார்கள். முப்பத்தொரு வருடம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. 2015இல் அந்த ஊர் மேயர், இது மதச்சார்பின்மைக்கு விரோதம் என்று நிறுத்தினார். வழக்குப் போனது. 2020 டிசம்பரில் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம், மாற்று உணவு கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் கொடுப்பதை மதச்சார்பின்மை தடுக்கவும் இல்லை என்று தீர்ப்பளித்தது. கவனியுங்கள், இதில் ஹலால் என்ற பேச்சே இல்லை. அது வெறும் 'பன்றி வேண்டாம்'தான். ஆனால் நாட்டுப் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தது. 2012 அதிபர் தேர்தல் நேரத்தில் உள்துறை அமைச்சர் க்ளோத் கெயான், வெளிநாட்டவருக்கு உள்ளூர்த் தேர்தலில் வாக்குரிமை கொடுத்தால் பள்ளி கேண்டீனில் ஹலாலைக் கட்டாயமாக்கிவிடுவார்கள் என்றே பேசினார். (இத்தனைக்கும் பிரெஞ்சுப் பள்ளிகளில் வெள்ளிக்கிழமை மீன் போடுவது பழைய வழக்கம். கத்தோலிக்க விரதத்தின் மிச்சம் அது. மதச்சார்பின்மைக்கு மீன் முள் குத்துவதில்லை!)

டென்மார்க்கில் 2013இல் இதற்கு 'மாட்டிறைச்சி யுத்தம்' அல்ல, 'இறைச்சி உருண்டை யுத்தம்' என்றே பெயர் வைத்தார்கள். மழலையர் மையங்களில் பன்றிக்கறி உருண்டை காணாமல் போகிறது என்று ஒரு பத்திரிகை கிளப்பி, பிரதமர் வரைக்கும் கருத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பத்திரிகையே எடுத்த கணக்கு, 1,719 மையங்களில் 30. மீதி 1,689 மையங்களில் உருண்டை சுகமாகவே இருந்தது.

இதை எல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. தென்காசிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி பாய் கடையில்தான். விடிகாலையில் போனால்தான் நல்ல நெஞ்செலும்பு கிடைக்கும் என்று அப்பா தூக்கை என் கையில் கொடுத்து அனுப்புவார். அவர் பிஸ்மி சொல்லி அறுத்தாரா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கொழுப்பை அதிகமாகப் போட்டுவிட்டாரா என்றுதான் கேட்பார்கள். பள்ளிக்கூடச் சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010இல் அது வாரத்துக்கு ஐந்தாகியது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். பிரான்சில் நீதிமன்றப் படி ஏறிய 'மாற்று உணவு' என்ற பெரிய தத்துவம் நம் ஊரில் ஒரு வாழைப்பழத்தில் முடிந்துவிட்டது. சாப்பாட்டு அம்மா பிள்ளையின் முகத்தைப் பார்த்தே எது வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பார்.

இந்தியா முழுக்க அப்படி இல்லை என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிகிறது. கர்நாடகத்தில் 2021 டிசம்பரில் ஏழு மாவட்டப் பள்ளிகளில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். 2022 மார்ச்சில் யுகாதிக்கு முன்னால் ஹலால் கறியை வாங்காதீர்கள் என்ற பிரசாரம் அங்கே டிவியில் நாள் முழுக்க ஓடியது. விலங்குக்கு வலிக்கிறதா என்ற கேள்வி அதில் அவ்வளவாகக் கேட்கவில்லை. யார் கடையில் வாங்குவது என்பதுதான் விஷயம். என் பையன் இரண்டாம் வகுப்பில் படித்த பள்ளியிலிருந்து, டிபன் டப்பாவில் முட்டை உட்பட அசைவம் எதுவும் வரக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. முந்தைய நாள் அவன் கொண்டுபோனது முட்டைத் தோசை. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்று சாயங்காலம் சொன்னான். தோசை அப்படியே திரும்பி வந்திருந்தது. மறுநாளிலிருந்து தயிர்சாதம். அன்று நானும் பிராட்ஃபோர்டின் பெற்றோரைப் போலப் பிள்ளையை வீட்டில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பவில்லை. ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு வாய் கொஞ்சம் சிறியதாகிவிடுகிறது.

மேலப்பாளையத்து நண்பர் பதில் சொல்லாமல் நிறுத்திக்கொண்டது எனக்குப் புரிந்ததும் அதனால்தான்.

தேடியதைச் சுருக்கி, டோர்வால் நகராட்சியின் மறுப்போடு சேர்த்துக் குழுவில் போட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. ஃபார்வேர்டு பண்ணிய பெரியவர், 'தகவலுக்கு நன்றி தம்பி' என்று கும்பிடு போட்டார். மேலப்பாளையத்து நண்பர் தனியாக, 'இம்புட்டையும் எப்பண்ணே படிச்சீங்க, ஆபீஸ்ல வேலையே இல்லையா?' என்று கேட்டு ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார்.

சனிக்கிழமை காலை அதே பெரியவரிடமிருந்து அதே கடிதம் மறுபடி வந்தது. இந்த முறை ஊர் ஆஸ்திரேலியா.